காதலில் மூன்றாமவர்

மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் பேசிவிட்டால் ஆண் பெண் உறவில் விளைகின்ற பிணக்குகளில் பெரும்பாலானவை தாமே தீர்ந்துவிடும் என்பது, வாரப் பத்திரிகைகளின் கேள்வி பதில் பகுதியிலிருந்து மணமேடையில் பெரியவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வழங்கும் உபதேசம் வரையில், இன்று எங்கும் கேட்கிற வார்த்தையாகிவிட்டது. கேட்பதற்கு இது மிகவும் நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும், காதலர் இருவர் ஒருவரோடொருவர் எதைப் பேசலாம், எதைப் பேச இயலாது, பேச இயலாததை யார் வாயிலாகப் பேசுவது என்னும் கேள்விகளை ஒரு சாஸ்திரமாகவே வகுத்து ஆராய்ந்த தமிழ் அகப்பொருள் நூலார், இவ்வளவு சுலபமான ஒரு முடிவுக்கு வரவில்லை. நெஞ்சில் உள்ளதை முழுவதும் நேருக்கு நேர் சொல்லிவிட எவராலும் முடியாது என்பதையே அவர்கள் தொடக்கமாகக் கொண்டார்கள். அந்த இயலாமைக்கு ஈடாக ஒரு மூன்றாமவரை நடுவே நிறுத்தினார்கள். அவர் யார், எவ்விதம் தொழிற்பட்டார், பின்னர் என்ன ஆனார் என்று காலவரிசையை ஒட்டிப் பார்த்துவந்தால், இக்காலத்துக் காதலர் படும் பாட்டில் ஒரு பகுதிக்காவது காரணம் விளங்கும் என்பது எம் அபிப்பிராயம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் களவியலும் கற்பியலும் காதலைப் பற்றியன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவ்விரண்டும் பெரும்பாலும் பேச்சைப் பற்றியன என்பதை அவ்வளவாக எவரும் எடுத்துச் சொல்வதில்லை. தலைவனுக்குக் கூற்று நிகழும் இடங்கள் இவை, தலைவிக்கு இவை, தோழிக்கு இவை, செவிலிக்கு இவை என்று அந்நூல் வரையறுத்துக்கொண்டே போகிறது. தன் வேட்கையைத் தலைவன் முன்னிலையில் தானே எடுத்துச் சொல்வது தலைவிக்கு இல்லை என்பது அங்கே ஒரு விதி. ஆகவேதான் நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைகளைப் புரட்டுகிறவர், இவை காதற் பாட்டுக்களாக இருந்தும் காதலர் இருவர் எதிரெதிர் நின்று உரையாடுவதை அரிதாகவே காண்கிறார். தோழி பேசுவதும் தோழியிடம் தலைவி பேசுவதுமே மிகுதி. அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்ற மரபையும் இதனோடு சேர்த்து எண்ணினால், அந்தப் புலவர்களுக்குக் காதலர் இன்னார் என்பதைக் காட்டிலும் யார் யாரிடம் எந்தச் சமயத்தில் எதைச் சொன்னார் என்பதே பிரதானமாக இருந்தது என்பது புலப்படும்.

அந்தப் பேச்சு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனிப்போம். தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் இருக்கையில் தலைவன் கையில் வில்லோடு வந்து நிற்கிறான். வந்தவன் தன் உள்ளத்தைத் திறந்து காட்டுவதில்லை. அம்பு பட்ட யானையொன்று இந்த வழியாகப் போயிற்றா என்கிறான். மான் வந்ததா என்கிறான். உங்கள் ஊர் எது, பெயர் என்ன என்கிறான். யானை எதுவும் வரவில்லை என்பதும், வந்திருந்தால் அதன் அடிச்சுவட்டைப் பார்த்துக்கொண்டு அவனே போயிருப்பான் என்பதும் தோழிக்குத் தெரியும். அவன் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதையும், கேட்கும்போது அவன் கண் போகும் இடத்தையும், இவள் தலை கவிழ்வதையும் சேர்த்துப் பார்த்து அவள் இருவர் மனத்தையும் ஒருங்கே உணர்ந்துகொள்கிறாள். மதியுடம்படுதல் என்று இலக்கணம் இதற்குப் பெயர் வைத்தது. உணர்ந்தபின்பும் உடனே இணங்கிவிடுகிறாளா என்றால் இல்லை. அவன் கையுறையாகக் கொண்டுவரும் தழையை, இது எங்கள் மலையில் கிடைக்காதது, கண்டால் தாய் ஐயுறுவாள் என்று ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லி ஏற்க மறுத்து நாளைக் கடத்துகிறாள். இந்தக் கடத்தலில் அவனுடைய பொறுமை அளக்கப்படுகிறது. பிற்காலத்துக் கோவை நூல்கள், மாணிக்கவாசகரின் திருக்கோவையார் முதலாகப் பொய்யாமொழிப் புலவரின் தஞ்சைவாணன் கோவை ஈறாக, இத்தகைய சந்தர்ப்பங்களை ஏறத்தாழ நானூறு துறைகளாக அடுக்கிக் காட்டுகின்றன. காதலில் வாய் திறக்க நேரும் தருணங்களுக்கு இவ்வளவு விரிவான பட்டியலை வேறு எந்த இலக்கிய மரபேனும் போட்டிருக்குமா என்பது சந்தேகமே.

செய்தி தவறிப்போவதையும் அவர்கள் விட்டுவிடவில்லை. இரவில் சந்திக்கக் குறித்த இடமாகிய இரவுக்குறிக்கு வருகின்ற தலைவன், தான் வந்ததை அறிவிக்க நீரில் கல்லெறிவது, மரத்துப் புள்ளை எழுப்புவது போன்ற ஓர் அடையாளத்தைச் செய்வது வழக்கம். காற்றடித்து ஒரு காய் குளத்தில் விழுந்தாலும் அதே ஓசை எழும். அந்த ஓசையைக் கேட்டு, தாய் உறங்கிவிட்டாளா, நாய் குரைக்குமா என்று அஞ்சி அஞ்சி வெளியே வந்த தலைவி, அங்கே ஒருவரும் இல்லாமை கண்டு திரும்பிப் போன பிறகு அவன் வந்து மெய்யான அடையாளத்தைச் செய்கிறான். முன்பு ஏமாந்தவள் இம்முறை வருவதில்லை. அவள் வரவில்லையே என்று அவனும், அவன் வரவில்லையே என்று அவளும் மறுநாள் முழுவதும் நோகிறார்கள். அல்லகுறிப்படுதல் என்ற இந்தத் துறையில் இருவரிடத்தும் குற்றம் இல்லை. குற்றம் முழுவதும் காற்றினுடையது. மறுநாள் தோழி செய்வதுதான் சுவாரசியமான காரியம்: தலைவன் வேலிக்கு அப்பால் சிறைப்புறத்தில் நிற்பதை அறிந்தவளாய், அறியாதவள் போல, தலைவியை நோக்கியே நேற்றிரவு நடந்ததைச் சொல்லுகிறாள். சொல்லப்படுபவள் ஒருத்தி, கேட்க வேண்டியவன் வேறொருவன். அவனைக் குற்றம் சாட்டியதாகவும் ஆகாது, அவன் அறியாமற் போனதாகவும் ஆகாது. நேரில் சொன்னால் தற்காப்பு வாதமாகத் திரும்பி வரக்கூடிய ஒரு மனக்குறையை இப்படிக் காதில் விழச் செய்வது எவ்வளவு நுட்பமான உபாயம் என்பதை, குடும்பத்தில் ஒருமுறையேனும் சண்டையிட்டவர்கள் அறிவார்கள்.

தலைவியே வாய் திறக்கும் இடமும் இல்லாமல் இல்லை. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடிய ஒரு பாட்டில், தலைவி தன் தோழியிடம் ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறாள்: சிறு வயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தும் பூமாலையைப் பறித்தும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியும் தொல்லை கொடுத்த அந்தப் பட்டிப்பயல், ஒருநாள் தாயும் தானும் வீட்டிலிருக்கும்போது வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான், பொற்கலத்தில் வார்த்துக் கொடுத்து வா என்று தாய் அனுப்ப, இவள் போக, அவன் வளையணிந்த முன்கையைப் பிடித்து நலிகிறான். அம்மா, இவன் செய்ததைப் பார் என்று அலறிவிடுகிறாள். தாய் அலறிக்கொண்டு வந்ததும், தண்ணீர் குடிக்கும்போது விக்கினான் என்று பொய் சொல்லுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைக் கொல்லுவான் போலப் பார்த்துச் சிரிக்கிறான். அலறல் முதல் பேச்சு. பொய் இரண்டாம் பேச்சு. அந்தப் பொய்யில்தான் சம்மதம் இருக்கிறது. ஆனால், அவள் அலறியதும் அவன் கையை விட்டானா என்று பாட்டு சொல்லவில்லை என்பதையும், கேளாமல் கை பிடிப்பதை ஒரு குறும்பாக மட்டும் கொள்ள இக்காலத்து வாசகர் சற்றுத் தயங்குவார் என்பதையும் குறிப்பிடாமல் இந்தப் பாட்டை வியந்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

களவு வெளிப்படும் முறையோ ஒரு தொடர்வண்டி போன்றது. மகள் மெலிவதைக் கண்ட தாய், முருகன் அணங்கியது என்று எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். நோய் வேறு, மருந்து வேறு. அப்போது தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்குமாக உண்மை படிப்படியாகச் செல்லுகிறது. அறத்தொடு நிற்றல் எனப்படும் இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரிடம் மாத்திரமே பேசுகிறார். மகள் தந்தைக்கு நேரே சொல்லுவதில்லை. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவிப்பதற்காகக் கபிலர் பாடியது என்று வழங்கும் குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும், இந்தச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணி, தோழி செவிலிக்குச் சொல்லும் கூற்று மட்டுமே. தோழியர் சுனையாடிப் பாறையில் குவித்த தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அவள் நிதானமாகச் சொல்லி வருவதைப் படிக்கும் மாணவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால், கோபம் கொள்ளக்கூடிய ஒரு தாயிடம் கெட்ட செய்தி என்று கருதப்படுவதைச் சொல்லப் புகுந்த ஒருத்தி, நேரே விஷயத்துக்கு வராமல் பூவையும் மழையையும் யானையையும் சொல்லி அவளை மெல்ல மெல்ல அழைத்து வருகிறாள் என்று எண்ணிப் படித்தால், அந்தப் பட்டியலில் ஒரு பூவைக்கூடக் குறைக்க மனம் வராது.

இவ்வளவும் செய்கிற இந்தத் தோழி யார்? செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் சொல்லுகிறது. அதாவது, தலைவியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள், ஆனால் அந்த வீட்டுப் பெண் அல்லள். இருவர் காதலையும் சுமந்து திரிந்த அவளுக்கென்று ஒரு காதல் உண்டா, அவளுடைய தோழி யார் என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. மறைமுகப் பேச்சின் அழகைப் புகழ்கிறவர்கள், அந்த அழகு ஒருத்தியின் உழைப்பின்மேல் நின்றது என்பதையும், பேசக்கூடாது என்ற விதி தலைவிக்கு விதிக்கப்பட்ட அளவு தலைவனுக்கு விதிக்கப்படவில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

மணமான பிறகு மூன்றாமவருக்கு வாயில் என்று பெயர். தோழி மட்டுமன்றிப் பாங்கன், பாணன், கூத்தர், விருந்தினர் எனப் பலரை வாயில்களாகத் தொல்காப்பியம் எண்ணுகிறது. வீட்டுக்கு விருந்து வந்தால் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்க முடியாது என்ற இங்கிதத்தையே நம்பி, பரத்தையர் சேரியிலிருந்து திரும்பும் கணவன் ஒரு விருந்தாளியை முன்னிட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறான். மருதத்திணையின் ஊடலுக்குப் பெரும்பாலும் மெய்யான காரணம் உண்டு, அவன் குற்றவாளி. ஊடல் ஒன்றுதான் அவள் கையிலிருந்த ஆயுதம்.

இந்த இடத்தில் திருவள்ளுவர் செய்த மாற்றம் மிகப் பெரியது. காமத்துப்பாலின் இருபத்தைந்து அதிகாரங்களில் களவுக்கு ஏழே கொடுத்து, கற்புக்குப் பதினெட்டைக் கொடுத்தவர் அவர். வரைவின் மகளிரைப் பொருட்பாலுக்குத் தள்ளிவிட்டு, கணவனிடத்தில் குற்றமே இல்லாதபோது எழுகிற ஊடலைப் பாடினார். புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் தும்மலைப் பற்றியே மூன்று குறள்கள் இருக்கின்றன. அவள் பேசாமல் ஊடியிருக்கிறாள். தும்மினால் நெடுங்காலம் வாழ்க என்று வாழ்த்தியே ஆகவேண்டும் என்பதை அறிந்த கணவன், அவளை வாய் திறக்கவைப்பதற்காகவே தும்முகிறான். வேறொரு சமயம் அவன் தும்ம, வழக்கப்படி வாழ்த்தியவள், யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழத் தொடங்குகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்ள, உம்மவர் நினைப்பதை எமக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம். இன்னொரு குறளில், எல்லாரையும்விட உன்னையே விரும்புகிறேன் என்று அவன் சொல்ல, யாரைவிட, யாரைவிட என்று ஊடுகிறாள். சொல்லைத் திருத்தமாகச் சொல்லிவிட்டால் பிணக்கு வாராது என்று எண்ணுகிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். இங்கே அவன் சொல்வதில் பிழை இல்லை, அவள் கேட்பதிலும் பிழை இல்லை, தன்பால் அவன் கவனம் குறையவில்லை என்பதைச் சோதித்தறியும் ஆவல் ஒன்றுதான் இருக்கிறது. ஊடல் உணவில் உப்புப் போல அளவோடு இருக்க வேண்டும் என்று எச்சரித்த வள்ளுவர், நூல் முழுமைக்கும் கடைசி அதிகாரமாக ஊடலுவகையை வைத்ததும் கவனிக்கத்தக்கது. வாயில்களைப் பேருக்குக்கூட அவர் இங்கே அழைக்கவில்லை. மூன்றாமவர் வீட்டைவிட்டு வெளியேறத் தொடங்கியது குறளில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அதற்குப் பின் தோன்றிய தூது இலக்கியத்தை விரைந்து கடந்துவிடலாம். அன்னம், மயில், கிளி, மேகம், குயில், நெஞ்சு, தென்றல், வண்டு முதலாக வரையறை செய்து கலிவெண்பாவில் பாடப்பட்ட இந்நூல்களில், தோழியின் இடத்தில் பதில் சொல்லமாட்டாத ஒரு ஜீவன் வந்து உட்கார்ந்துவிட்டது. பேசுகிறவர் பேசிக்கொண்டேயிருக்க, காதலுக்கு உரியவர் தெய்வமாகவோ வள்ளலாகவோ போய்விட்டார். சத்திமுத்தப் புலவர் நாரையை நோக்கிப் பாடிய பாட்டு இவற்றுக்கெல்லாம் விலக்கு. மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஊரிலிருக்கும் மனைவிக்குத் தன் வறுமையைச் சொல்லியனுப்பும் அந்தச் செய்தியில், காதல் என்ற சொல்லுக்கே தேவை நேரவில்லை.

1879இல் இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது. மூடி ஒட்டாத அட்டையில் எழுதியதைத் தபால்காரர் முதல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனார் வரையில் யாரும் படிக்கலாம் என்பதனாலே, எழுதத் தெரிந்த தம்பதிகளும் அதில் ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்பதற்கு மேல் ஒன்றும் எழுத முடிந்ததில்லை. எழுதத் தெரியாத மனைவிக்குப் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பையன் தோழியானான். அந்தத் தலைமுறையின் தாம்பத்திய மௌனத்தைக் கு. ப. ராஜகோபாலனைப் போல் ஆழ்ந்து பார்த்தவர் சிலரே. ‘சிறிது வெளிச்சம்’ போன்ற அவருடைய கதைகளில் கணவன் மனைவியர் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு பேசாமற் போவதன் வேதனை தெரிகிறது. சினிமாவிலோ தோழியின் வேலையைக் கதாநாயகனின் நண்பனாக வரும் ஹாஸ்ய நடிகர் ஏற்றுக்கொண்டார். 1996இல் அகத்தியன் எடுத்த ‘காதல் கோட்டை’யில் அவரும் போதாதென்று, முகமறியாத இருவர் கடிதத்திலேயே காதலித்தார்கள், அங்கே தோழி தபால் இலாகாதான்.

சுயமரியாதைத் திருமணம் இந்த வரலாற்றில் ஒரு திருப்பம் என்று பலர் சொல்வது புரோகிதர் நீங்கியதைக் குறித்து. எமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அத்தகைய திருமணங்களைச் செல்லத்தக்கவையாக்க 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வாயிலாக இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7அ பிரிவு, மணமக்கள் இருவரும் தமக்குப் புரியக்கூடிய ஏதேனும் ஒரு மொழியில், ஒருவரையொருவர் வாழ்க்கைத்துணையாக ஏற்பதைத் தாமே அறிவிப்பதை மணத்துக்கு உரிய வழிகளில் ஒன்றாக வைத்தது; மாலை மாற்றுதலும் தாலி கட்டுதலும் மற்ற வழிகள். புரியக்கூடிய மொழி என்று சட்டம் சொன்னது மந்திரத்தின் மொழியை மனத்தில் வைத்து. ஆனால், தலைவி தன் வேட்கையைத் தானே சொல்லலாகாது என்றிருந்த நாட்டில், பலர் நடுவில் அவள் வாயால் சொன்னதையே திருமணமாக ஏற்றது சாமானிய மாறுதலன்று.

மேனாட்டு மனோதத்துவ சாஸ்திரிகளும் இந்தக் கேள்வியை விடவில்லை. ஸியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்பவர் தம்பதிகளை ஓர் அறையில் இருத்தி, பேசவிட்டு, முகக்குறிப்பையும் நாடித்துடிப்பையும் பதிவுசெய்து பல்லாண்டு ஆராய்ந்தார். தம்பதிகளிடையே உள்ள பிணக்குகளில் ஏறத்தாழ 69 சதவீதம் என்றுமே தீராதவை என்பதும், நிலைத்து நிற்கும் இல்லறங்களிலும் அவை தீர்வதில்லை, அவற்றைப் பற்றிப் பேசும் விதமே வேறுபடுகிறது என்பதும் அவர் கண்டவை. இகழ்ச்சியையும், சுவர் போல வாயடைத்துக்கொள்ளுதலையும் அவர் மிகக் கொடிய குறிகளாகக் கொள்கிறார். வாயடைத்தலும் ஊடலும் ஒன்றா என்று யாரேனும் கேட்டால், அன்று என்றே சொல்வோம்; ஊடியவள் பேசாதிருப்பது, அவன் பேசவேண்டும் என்பதற்காக. மொழியியல் அறிஞர் டெபோரா டானன் 1990இல் வெளியிட்ட நூலில், பெண்கள் தம் துயரைச் சொல்லுவது துணை தேடி, ஆண்கள் அதைக் கேட்டவுடன் பரிகாரம் சொல்ல முற்படுகிறார்கள் என்று விளக்கினார். இதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், ஆண்கள் எல்லாரும் ஒருவிதம், பெண்கள் எல்லாரும் மற்றொருவிதம் என்று பிரித்துவிடுவதில் எமக்கு நம்பிக்கை இல்லை. காட்மன் கண்டதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். தீராத பிணக்கைத் தீர்க்க முயல்வதைவிட அதனோடு வாழப் பழகுவதற்கு, கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வழக்காளியும் நீதிபதியுமாக இருக்க முடியாது.

இன்று கைப்பேசி வந்து, நடுவில் ஒருவருமே இல்லாமல் இருவர் நள்ளிரவிலும் பேசிக்கொள்ள வழி செய்துவிட்டது. ஆனால், அல்லகுறி ஒழிந்ததா? வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுந்தும் பதில் வராத இரண்டு மணி நேரத்துக்குள் ஓர் இளைஞன் கட்டிவிடும் கற்பனைகள், குளத்தில் விழுந்த காயின் ஓசையை நம்பி வெளியே வந்தவள் கட்டியவற்றுக்குக் குறைந்தவையல்ல. அவள் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம். இதைவிட வேடிக்கை, தோழியும் திரும்பி வந்துவிட்டாள். ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு பதில் வந்தால், பெண் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உற்ற தோழிக்கு அனுப்பி, ‘இதுக்கு என்னடி அர்த்தம், கோவமா இருக்கானா?’ என்று கேட்கிறாள். தோழியும் தான் தூங்காமல் விழித்திருந்து, அந்த ஒரு சொல்லுக்கு நச்சினார்க்கினியர் உரை எழுதுவது போல எழுதித் தருகிறாள். அந்த இளைஞன் வேலிக்கு அப்பால் நிற்பதில்லை, ஆகையால் அவள் சொல்லுவது அவன் காதில் விழுவதில்லை என்பது ஒன்றே வேற்றுமை. பழைய தோழிக்கு இருவர் முகமும் தெரிந்திருந்தது. இவளுக்குத் தெரிந்தது ஒருத்தியின் பக்கம் மாத்திரமே.

அரசாங்கமும் மூன்றாமவரின் தேவையை உணராமல் இல்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம், வழக்கை விசாரிப்பதற்கு முன்பே இருவரையும் சமரசப்படுத்த முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கி, அதற்கென ஆலோசகர்களையும் ஏற்படுத்திற்று. வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே தரப்பினரின் உரிமை ஆகாது என்றும் சொல்லிற்று, தம்பதிகள் தம் வாயாலேயே பேச வேண்டும் என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. 1976இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 13ஆ பிரிவோ, இருவரும் சம்மதித்துக் கேட்டாலும் மறுயோசனைக்கென்று ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுகிறது. ஆலோசகரின் அறைக்கு வெளியே பெஞ்சில் இரு முனைகளில் உட்கார்ந்திருக்கும் அந்த இருவரைப் பற்றி ஆலோசகருக்கு முன்னதாகத் தெரிந்திருப்பது அவர்களுடைய வழக்கு எண்; காதலித்த காலத்தில் அவர்கள் ஒருவரையொருவர் எந்தப் பெயரால் அழைத்துக்கொண்டார்கள் என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள், அன்றைக்கு அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்து அடுத்த எண்ணை டவாலி கூப்பிட்டுவிடுகிறார்.